அட்டை ஒட்டின பஸ்

அட்டைப்பெட்டிக் கம்பெனி பஸ்ல போய்வந்த நாப்பது பேரும் ஒரே ஆளா ஆனாங்க. சக்கரை விலை ஏறி, குடை விலை இறங்கியிருந்த வருஷம், நல்ல மழைக்காலம். ஒரே ஆளுன்னா ஏதோ ஒத்துமையா இருந்தாங்க, விட்டுக்குடுத்துப் போனாங்கன்னு சொல்றதில்ல. ஒருத்தருக்கு விக்கல் எடுத்தா இன்னொருத்தர் தண்ணி குடிப்பார், இவருக்கு விக்கல் நின்னுடும், அந்த மாதிரி ஒரே ஆளு. பேப்பர்ல எல்லாம் வரல. கம்பெனிலயும் யாரும் அதை ஒரு விஷயமா எடுத்துக்கல, ஏன்னா அந்த மாசம் வழக்கத்தைவிடப் பெட்டி ஜாஸ்தியா வெளிய போச்சு.

முதல்ல அந்தப் பஸ்ஸைப் பத்திச் சொல்லிடணும். எந்த ஜன்னலும் உருப்படியா இருக்காது. சிலதுல கண்ணாடி இல்ல, சிலதுல கண்ணாடி பாதில மாட்டிக்கிட்டு மேலயும் போகாது கீழயும் வராது, ஒண்ணு ரெண்டு இழுத்தா கையோட வந்துடும். மழை பெஞ்சா பஸ்ஸுக்குள்ள குடையை விரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, இறங்கினதும் மடக்குவாங்க. வெளிய அவ்வளவா நனையாது பாருங்க. கம்பெனில போய்க் கேட்டா அடுத்த மாசம்னு சொல்வாங்க. எத்தனையோ அடுத்த மாசம் போச்சு. கடைசில பசை செக்‌ஷன்ல இருந்தவர், எல்லாரும் அவரைப் பசைக்காரர்னுதான் கூப்பிடுவாங்க, அவர்தான் மெதுவா வாயைத் தொறந்து, நம்மகிட்ட இல்லாத அட்டையா, நம்மளே ஒட்டிட்டா என்னன்னார். அவர் வாயைத் தொறந்து ஒரு யோசனை சொன்னதே பெருசு. வீட்ல காப்பி வேணுமா டீ வேணுமான்னு கேட்டாலே, "எதுனாலும் சரி"ன்னு சொல்ற மனுஷன். கல்யாணம் ஆன நாள்லேருந்து அவர் பொண்டாட்டி அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கேக்கறதையே விட்டுட்டா. காலைல காப்பி, சாயங்காலம் டீன்னு அவளே முடிவு பண்ணிட்டா. அவ தையல்காரி. முன் ரூம்ல மெஷின் போட்டு, பெருத்த சட்டையைச் சிறுசாக்கறதும் இறுகினதைப் பிரிச்சு விடறதும்தான் வேலை. வாய் நிறைய குண்டூசி வெச்சுக்கிட்டே ஊரு நியாயமெல்லாம் பேசுவா, ஒண்ணு கூட கீழ விழாது.

ஒரு லீவு நாள் பாத்து எல்லாரும் பஸ் ஷெட்டுக்கு வந்தாங்க. அந்த அட்டை எப்படின்னா, கீழ ஒரு பேப்பர், மேல ஒரு பேப்பர், நடுவுல அலை அலையா வளைஞ்ச பேப்பர் ஒண்ணு. தனியா எடுத்தா ஒவ்வொண்ணையும் கைக்குழந்தை கூடக் கிழிச்சுடும். மூணையும் சேத்து ஒட்டிட்டா மேல ஏறி நிக்கலாம். பசைக்காரர் அன்னைக்கு அதைச் சொல்லிக்கிட்டேதான் ஒட்டினார். "எந்தப் பேப்பர் நம்மளத் தாங்குதுன்னு கேட்டா, எதுவும் தாங்கல. பசை தாங்குதான்னு கேட்டா, பசைல ஏறி எவனாவது நிப்பானா? ஆனா தாங்குது." கப்பல்ல போற பெட்டிக்குன்னு தனியா வெச்சிருந்த, தண்ணில ஊறாத பசையைக் காய்ச்சி எடுத்துட்டு வந்திருந்தார். ஜன்னல் ஒவ்வொண்ணுக்கும் உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. டிரைவர் முன்னாடி இருக்கற கண்ணாடியும் பக்கத்துல வாசலும் தவிர எல்லாம் அட்டை. அப்புறம் இடுக்கு தெரியாம இருக்க, ரோல்லேருந்து ஒரே நீளப் பட்டையா உருவி, அவர் உக்கார்ற நடு சீட்டுக்கிட்ட ஆரம்பிச்சு, முன்னாடி போய், அந்தப் பக்கம் சுத்தி, பின் சீட்டைத் தொட்டு, திரும்ப அவர் சீட்டுக்கே கொண்டுவந்து முடிச்சார். முடிக்கற இடத்துல பசை தீந்துபோச்சு. வாளியை வழிச்சாலும் இல்ல. எல்லாருக்கும் பிளாஸ்க்ல காப்பி எடுத்துட்டு வந்த தையல்காரி, "இதுக்குப் போய் இவ்ளோ யோசனையா"ன்னு, துணில குத்தி வெச்சிருந்த ஊசியை எடுத்து, பட்டையோட ரெண்டு முனையையும் சேத்து நெருக்கமா தைச்சு, முடிச்சு போட்டு, நூலைப் பல்லால கடிச்சு விட்டா. ஒட்டினது அவர், முடிச்சு போட்டது அவ. அன்னைக்கு அதை யாரும் பெருசா நினைக்கல.

மறுநாள்லேருந்து மழைத்தண்ணி உள்ள வரல. உக்காந்தா இருட்டு, ஒரே ஒரு பல்பு, பசை வாசனை, பக்கத்து ஆளோட மூச்சு. முன்னாடியெல்லாம் யார் வீட்டு மாடில என்ன துணி காயுதுன்னு பேசிக்கிட்டே போனவங்க, பாக்க ஒண்ணும் இல்லாததால பேச்சும் குறைஞ்சு, கண்ணை மூடிக்கிட்டு உக்கார ஆரம்பிச்சாங்க. வேடிக்கை என்னன்னா, இறங்கும்போது வழியில இருந்தது பூராவும் எல்லாருக்கும் தெரிஞ்சுது. பாலத்துக்கிட்ட ஒரு வண்டி சாஞ்சு கிடந்ததையும், பள்ளிக்கூடத்துக்குப் பச்சை பெயின்ட் அடிக்கறதையும், நேர்ல பாத்த மாதிரி ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பக்கத்துலேருந்து சொன்னாங்க. இடது பக்க சீட்டுக்காரருக்கு வண்டியோட சக்கரம் தெரிஞ்சிருக்கும், வலது பக்கத்துக்காரருக்கு கூரை தெரிஞ்சிருக்கும். ஜன்னல் இருந்தப்போ இவ்ளோ பாத்ததில்ல.

எதிர்வீட்டு அக்காவோட வீட்டுக்காரர் அதே கம்பெனில கட்டிங் மெஷின் ஓட்டறவர். அவருக்கு ஒருநாள் விரல் நசுங்கிடுச்சு. கட்டு போட்டது அவருக்கு, நகம் கறுத்தது பசைக்காரருக்கு. தையல்காரி சாப்பாடு போடும்போது பாத்துட்டா.

"ஏங்க, இது என்ன நகம் இப்படிக் கறுத்திருக்கு?"

"மெஷின்ல மாட்டிக்கிச்சு."

"பசை கிண்டற இடத்துல ஏதுங்க மெஷின்?"

அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "என் மெஷின் இல்ல"ன்னார். அதுக்கு மேல அவருக்கும் தெரியல.

அடுத்த வாரம் எதிர்வீட்டு அக்கா வாசல்ல நின்னுக்கிட்டே கேட்டா, "ஏண்டி, இன்னைக்கு உன் வீட்டுக் காப்பில சக்கரை போட மறந்துட்டியா?"

"உங்களுக்கு யாரு சொன்னா அக்கா?"

"யாரு சொல்லணும்? என் வீட்டுக்காரர் விடிஞ்சதுலேருந்து மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே இருக்கார். நான் அவருக்குக் குடுத்தது வெறும் வெந்நீர். ஒண்ணு பண்ணு, நாளைலேருந்து எல்லாருக்கும் சேத்து நீயே நல்லா ஒரு காப்பி போட்டுடு. எங்களுக்கு கேஸாவது மிச்சமாகும்."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அப்போ சிரிக்கற மாதிரிதான் இருந்துச்சு. கம்பெனில வேலை எண்ணெய் போட்ட மாதிரி ஓடுச்சு. அங்க ஷீட் வெட்டற நேரத்துக்கு இங்க பசை பதமாயிருக்கும், யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம், திரும்பிப் பாக்க வேண்டாம். சூப்பர்வைசர் விசிலை மேசைக்குள்ள வெச்சுப் பூட்டிட்டார். அவருக்கு அந்த இடத்துல நிக்கவே ஒரு மாதிரி இருந்துச்சாம், யாரோ ஒருத்தரோட வயித்துக்குள்ள நிக்கற மாதிரி. ஒரு மாசத்துல வேற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டார். நல்ல மனுஷன், பாவம்.

தையல்காரிக்குத்தான் நாளாக ஆக சிரிப்பு குறைஞ்சுது. மனுஷன் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது லோடு ஏத்தினவங்களோட முதுகுவலியையும் சேத்து எடுத்துட்டு வருவார். கணக்கு எழுதறவரோட தலைவலி, பேக்கிங் பொண்ணோட பல்வலி, எல்லாம் இவர் படுக்கைல வந்து படுத்துக்கும். அவளைப் பாத்து ஆசையா சிரிச்சா, அந்தச் சிரிப்புல பாதி வேற யாரோடதோன்னு அவளுக்கு சந்தேகம். சில நேரம் யார் யாரோ அம்மாவை நினைச்சுக் கண் கலங்குவார். ஒருநாள் அவ நேராவே கேட்டுட்டா, "இப்ப இங்க உக்காந்திருக்கறது யாருங்க?"

"நாந்தான்."

"எத்தனை நாந்தான்?"

எதிர்வீட்டுல கட்டிங்காரர் அந்த நேரம் சாப்பிட்டுக்கிட்டிருந்த கையை நிறுத்திட்டு, "ஒண்ணுதான்"னு சொன்னாராம். எதிர்வீட்டு அக்கா வந்து சொல்லித்தான் தெரிஞ்சுது. அப்பதான் தையல்காரி வாயிலேருந்து முதல் தடவையா ஒரு குண்டூசி கீழ விழுந்துச்சு. அவளுக்கு வேண்டியதெல்லாம் பெருசா ஒண்ணும் இல்ல. தன் புருஷன் தனக்குப் புருஷனா மட்டும், தனி ஒரு ஆளா வீட்ல இருக்கணும். அவ்ளோதான் அவ ஆசை. அதுக்காகத்தான் அப்புறம் நடந்ததெல்லாம்.

அதுக்கு முன்னாடி இன்னொண்ணு நடந்துச்சு. லோடு ஏத்தற பெரியவர் ஒருத்தர் செத்துப்போனார், வயசானவர், தூக்கத்துலயே. அவர் இடத்துக்கு வெளியூர்க்காரர் ஒருத்தரை எடுத்தாங்க. ஒல்லியா, வெடவெடன்னு இருப்பார், பேசினா காது கேக்காது. பெரியவர் உக்காந்த சீட்டுதான் காலி, அதுல உக்காந்தார். பத்து நாள் போகல, பேச்சு கணீர்னு ஆச்சு. பதினைஞ்சு நாள் போகல, சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரா பெரியவர் வீட்டுக்குப் போய், கதவோட மேல்தாழ்ப்பாளைச் சரியா ஒரு தட்டு தட்டித் தொறந்து, உள்ள போய் உக்காந்து, "அந்த மேல் ஷெல்ஃபை இன்னும் சரி பண்ணலியா"ன்னு கேட்டார். பெரியவரோட பொண்டாட்டி தண்ணி கொண்டுவந்து வெச்சுட்டுத்தான் ஆள் யாருன்னு பாத்தாங்க. ரெண்டு நாள் அழுதாங்க. மூணாவது நாள் பெரியவரோட சட்டையெல்லாம் ஒரு பைல போட்டு எடுத்துக்கிட்டு தையல்காரி வீட்டுக்கு வந்தாங்க.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக் குடும்மா. தோள்லயும் வயித்துலயும் லூசா இருக்கு."

"யாருக்குங்கம்மா?"

"அவருக்குத்தான். இளைச்சுட்டார்."

தையல்காரி ஒண்ணும் கேக்காம பிடிச்சுக் குடுத்தா. தோல்ல காயம் பட்டா புதுத்தோல் வளந்து மூடிக்கற மாதிரி, அந்த நாப்பது பேரும் தன்னைத்தானே மூடிக்கறாங்கன்னு அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. நாளைக்கு இவர் போனாலும் யாரோ ஒருத்தன் வந்து இந்த நாற்காலில உக்காந்து எதுனாலும் சரின்னு சொல்வான். அவனுக்கும் சட்டை பிடிச்சுத் தரணும்.

ஒரே ஆளுன்னா அதுக்கு ஒரு தலை இருக்கணுமே. யார் அதுன்னு தெருவே பேசுச்சு. வண்டியைத் திருப்பறவர் டிரைவர்தானே, அவராத்தான் இருக்கும்னு தையல்காரி அவரைப் போய்ப் பிடிச்சா. "அண்ணே, என் வீட்டுக்காரரை மட்டும் விட்டுடுங்கண்ணே. பசை கிண்ட வேற ஆளா கிடைக்காது?" டிரைவர் டயர்ல தட்டிப் பாத்துக்கிட்டிருந்தார். "என்கிட்ட என்ன தங்கச்சி இருக்கு? கை திருப்புது, கால் மிதிக்குது, நான் பாத்துக்கிட்டு இருக்கேன். வீட்ல என் பேச்சை நாய் கூடக் கேக்காது, இதுல நாப்பது பேர் கேப்பாங்களா?"ன்னார். பொய் சொல்றவர் மாதிரி தெரியல. கணக்கு எழுதறவரைக் கேட்டா, கட்டிங்காரரைக் கேட்டா, எல்லாருமே தன்னை ஒரு கை, ஒரு கால் மாதிரித்தான் சொன்னாங்க. பசைக்காரரை யாரும் கேக்கவே இல்ல. அவர்கிட்ட போய்க் கேக்க என்ன இருக்கு?

சரி, அட்டையைப் பிரிச்சுட்டா போச்சுன்னு ஒரு லீவு நாள் அவளே கத்திரியும், தையல் பிரிக்கற பிரிகத்தியும் எடுத்துக்கிட்டு ஷெட்டுக்குப் போனா. பஸ்ஸுக்குள்ள ஏறி அட்டை மேல கை வெச்சா, வெதுவெதுன்னு இருந்துச்சு, காய்ச்சல் விட்ட உடம்பு மாதிரி. அவ தைச்ச இடத்தைத் தேடினா. நூலையே காணோம். ஊசி குத்தின இடமெல்லாம் சின்னச் சின்னத் தழும்பா ஆறிப்போயிருந்துச்சு. முடிச்சு மட்டும் தொப்புள் மாதிரி சுருண்டு உள்ள போயிருந்துச்சு. அதுல பிரிகத்தியோட முனையை லேசா வெச்சு அழுத்தினா. அந்த நேரம் ஊருக்குள்ள சந்தைல, கட்டில்ல, சலூன் நாற்காலில இருந்தவங்க நாப்பது பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. அவ வயித்துலயும் சுருக்குன்னு ஒரு வலி. அதை அவ பயம்னு நினைச்சுக்கிட்டா. கத்தியைத் தாளுல சுத்தி எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டா.

அப்புறம்தான் அவ அந்தக் கணக்கைப் போட்டா. தையல்காரிக்கு வர்ற கணக்கு. சட்டைல ஒரு பட்டன் போனா சட்டை கிழிஞ்சா போயிடும்? மத்தவங்க லீவு போடறாங்க, ஒண்ணும் ஆகறதில்ல, வீட்ல படுத்துக்கிட்டே கையை மட்டும் வேலை செய்யற மாதிரி அசைச்சுக்கிட்டிருப்பாங்க. இவர் ஒருநாளும் லீவு போட்டதில்ல. இவரை ஒரு நாலு நாள் உள்ள வெச்சுப் பூட்டிட்டா, ஒட்டு விட்டுடும், அப்புறம் அவங்க அவங்க பாட்டுக்கு இருக்கட்டும், இவர் இவர் பாட்டுக்கு இருக்கட்டும். மறுநாள் காலைல அவர் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள வாசக்கதவைப் பூட்டி, சாவியை மெஷின் டிராயருக்குள்ள போட்டு, அதை அடைச்சு நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டா. ஷெட்லேருந்து கிளம்பற பஸ் ஊரைச் சுத்தி எல்லாரையும் ஏத்திக்கிட்டு கடைசியா இந்தத் தெருமுனைக்குத்தான் வரும். எதிர்வீட்டுக் கட்டிங்காரர் ஏறினார். பசைக்காரர் எப்பவும் எல்லாருக்கும் பின்னாடி ஏறி, தன் சீட்டுல உக்காந்து, "போலாம்"னு முணுமுணுப்பார், பஸ் கிளம்பும். அதை யாரும் காதுல வாங்கினதே கிடையாது. அன்னைக்கு அந்தச் சத்தம் வரல.

அவ எடுத்தது பட்டன் இல்ல. தையல் நூலை உருவிட்டா.

லீவு நாள்ல அந்த உடம்பு படுத்துக் கிடக்கும், ஒண்ணும் ஆகாது. இது எழுந்து நின்ன உடம்பு. பஸ் ஒரு உலுக்கு உலுக்கி நின்னுச்சு. டிரைவரோட வலது கால் ஒண்ணு பண்ணுது, இடது கால் வேற ஒண்ணு பண்ணுது. எல்லாரும் தனித்தனி ஆளா ஆகலங்க, அங்கதான் அவ கணக்கு தப்பிப்போச்சு. ஒவ்வொரு ஆளுக்குள்ள இருந்ததும் தனித்தனியா ஆயிடுச்சு. ரொம்ப நாளா நாப்பது பேரும் ஒண்ணா இருந்து பழகினதுல, தன்னைத் தானா பிடிச்சு வெச்சுக்கறதே அவங்களுக்கு மறந்துபோயிருந்துச்சு. கணக்கு எழுதறவரோட கண்ணு ஒண்ணு மேல பாக்குது, ஒண்ணு கீழ பாக்குது. பேக்கிங் பொண்ணு அம்மான்னு கத்தப் பாக்குது, நாக்கு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம், சத்தம் அப்புறமா வேற எங்கேயோலேருந்து வருது. கட்டிங்காரருக்கு மூச்சு தன் போக்குல போச்சு, நெஞ்சு தன் போக்குல அடிச்சுச்சு, ரெண்டும் பேசிக்கல. பாத்தவங்க சொன்னாங்க, ஆளுங்க விழுந்து கிடந்த மாதிரியே இல்லியாம், வண்டியிலேருந்து ஏதோ சாமானைக் கொட்டிக் குவிச்ச மாதிரி இருந்துச்சாம்.

வீட்டுக்குள்ள பசைக்காரர் ஈரத்தலையோட கதவுக்கிட்ட நின்னார். கோவமே இல்ல அந்த மனுஷனுக்கு. "விடும்மா"ன்னார், "வெளிய நான் கொட்டிக் கிடக்கேன்."

அவ அந்தச் சத்தத்தைக் கேட்டா. காப்பியா டீயான்னு சொல்லத் தெரியாதவர் வாயிலேருந்து நாப்பது பேருக்கும் சேத்து ஒரு நான் வந்துச்சு. டிராயர் சட்டுனு தொறக்க வரல, இழுத்ததுல நூல்கண்டெல்லாம் ரூம் பூரா உருண்டுச்சு. அவர் செருப்பு கூடப் போடாம ஓடி, ஏறி, விழுந்து கிடந்தவங்களைத் தாண்டிப் போய்த் தன் சீட்டுல உக்காந்து, போலாம்னார். ஒவ்வொருத்தரா எழுந்து, சட்டையைத் தட்டிக்கிட்டு அவங்கவங்க இடத்துல உக்காந்தாங்க. கட்டிங்காரர் மட்டும் எழுந்திருக்கல. மூச்சு போன வழியில நெஞ்சும் போயிடுச்சு.

எதிர்வீட்டு அக்கா வந்து கத்துவா, மண்ணை வாரித் தூத்துவான்னு தையல்காரி கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு நாள் கணக்கா காத்திருந்தா. அவ வரல. அந்த மாசக் கடைசில வந்தா, கைல ஒரு பை. சட்டைங்க. மெஷின் மேல வெச்சா. "புது ஆள் உயரம் ஜாஸ்தி, கையை இறக்கணும்"னா. தையல்காரி அவ காலைப் பிடிக்கப் போனா. "விடுடி, கையில துணி இருக்கு"ன்னு நகந்துக்கிட்டா. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "இனிமே உன் வீட்டுக்காரர் உனக்கு மட்டும் புருஷன் இல்ல. அவரைப் பாத்துக்கோ. நாங்களும் பாத்துக்கறோம்"னா. அது அன்பா மிரட்டலான்னு தையல்காரிக்குக் கடைசி வரைக்கும் விளங்கல. சட்டையெல்லாத்துலயும் கையை இறக்கிக் குடுத்தா. இறக்க இறக்க பழைய மடிப்புக்கோடு மட்டும் போகவே இல்ல.

அதுக்கப்புறம் வருஷம் ஓடுச்சு. பசைக்காரரை ஊரே பொத்திப் பொத்தி வெச்சுக்கிச்சு. அவர் ரோட்டைத் தாண்டினா கடைக்காரங்க ஓடி வந்து வண்டியை நிறுத்துவாங்க. மழை தூறினா நாலு வீட்டுக் குடை அவர் தலைக்கு மேல வரும். அவர் தும்மினா நாப்பது வீட்ல தும்மல், எல்லா வீட்லயும் பொம்பளைங்க வேலையை விட்டுட்டு வெளிய வந்து இந்த வீட்டைப் பாப்பாங்க. அந்தப் பார்வை இருக்கே, மாடு விலை பேசறவன் பல்லைப் பிடிச்சுப் பாக்கற மாதிரி இருக்கும். வீட்ல அவரோட ஒரு வார்த்தை சத்தமா பேசக் கூட தையல்காரிக்குப் பயம். கம்பெனி கைமாறுச்சு. வேலைக்கு வயசு தாண்டியும் புது முதலாளி அவரை நிறுத்தல, யாரோ காதுல போட்டிருக்கணும். பழைய ஆளுங்க ஒவ்வொருத்தரா போக, புது ஆளுங்க அந்தந்த சீட்டுல உக்காந்து அந்தந்த ஆளா ஆனாங்க. தையல்காரி சட்டையைப் பிடிச்சா, இறக்கினா, விட்டா. அந்தப் பஸ்ல முதல் நாள் ஏறின உடம்புன்னு பாத்தா கடைசில பசைக்காரர் ஒருத்தர்தான் மிச்சம். ஆனா பஸ் அதே ஆளுதான், ஒரு குறையும் இல்ல.

அவர் இருமல் நிக்காம போனப்போதான் எல்லாருக்கும் கிலி பிடிச்சுது. எதிர்வீட்டு அக்காதான் முன்ன நின்னு ஒரு ஏற்பாடு பண்ணினா. நல்லா வாட்டசாட்டமா ஒருத்தனைக் கொண்டுவந்து பசைக்காரர் சீட்டுல உக்கார வெச்சு, அவரைப் பக்கத்துல நிக்க வெச்சாங்க. மத்த சீட்டுன்னா பத்து நாள்ல ஒட்டிக்கும். இந்தச் சீட்டுல உக்காந்தவன் மாசக்கணக்கா உக்காந்தும் நல்லா தூங்கினான், அவ்ளோதான். மத்தவங்களை ஒட்ட வைக்க அவர் இருந்தார். அவரை ஒட்ட வைக்க யாரு இருக்கா? அந்தப் பையனுக்கு வேற நல்ல வேலை கிடைச்சு போயிட்டான். அதுக்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கல. எல்லார் வீட்லயும் குழந்தைங்களை மட்டும் கொஞ்ச நாளைக்கு சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பி வெச்சாங்க, விழறதைப் பாக்க வேண்டாம்னு.

அவர் போனது ஒரு விடியக்காலம். தையல்காரி காப்பியை டம்ளர்ல ஊத்திக்கிட்டிருந்தா. அவர் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தார். "இன்னைக்கு டீ குடேன்"னார். அத்தனை வருஷத்துல முதல் தடவை. அவ சந்தோஷத்துல கையும் ஓடாம காலும் ஓடாம, காப்பியைக் கீழ வெச்சுட்டு பாலை மறுபடி அடுப்புல வெச்சா. டீ கொதிச்சு வர்றதுக்குள்ள அவர் தலை சாஞ்சுடுச்சு. அவ பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுப் பாத்தா. அது அவரோட கை மட்டும்தான். வேற யாரோட வலியும் அதுல இல்ல, யாரோட நகமும் கறுக்கல. இதைத்தான் அவ இத்தனை வருஷமா கேட்டா. கிடைச்சுது.

தெருமுனைல பஸ் வந்து நிக்கற சத்தம். எதிர்வீட்டுல ஒரு டம்ளர் விழுந்து உருண்டுச்சு, அப்புறம் எதிர்வீட்டு அக்கா "ஐயோ, ஏறுங்க, ஏறுங்க"ன்னு கத்தறது கேட்டுச்சு. பஸ்ஸோட ஹாரன் விட்டு விட்டு அடிச்சுச்சு, அடிக்கற கைக்கு என்ன பண்றோம்னு தெரியாத மாதிரி. கட்டிங்காரர் நினைப்பு வந்துச்சு அவளுக்கு. கொட்டிக் கிடந்த குவியல் நினைப்பு வந்துச்சு. அடிவயித்துல அந்தப் பழைய இடத்துல சுருக்குன்னு இழுத்துச்சு, யாரோ ஒரு முடிச்சைப் பிடிச்சு இழுக்கற மாதிரி. இந்த வாட்டி அதைப் பயம்னு அவ நினைக்கல. அவர் தலையை நேரா வெச்சு, போர்வையைச் சரி பண்ணி, அடுப்பை அணைச்சு, அவர் செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய வந்தா.

பஸ்ஸுக்குள்ள இருட்டு. பல்பு மினுக்கிக்கிட்டிருந்துச்சு. டிரைவர் ஸ்டியரிங் மேல கவுந்து கிடந்தார். ஒரு கை அவ புடவையைப் பிடிச்சு இழுத்துச்சு, கையோட ஆளுக்கு அது தெரியவே இல்ல. எல்லாரையும் தாண்டிப் போய் அந்த நடு சீட்டுல உக்காந்தா. குழி விழுந்த சீட்டு, அவருக்குன்னு பதிஞ்ச குழி, அவளுக்குக் கொஞ்சம் பெருசா இருந்துச்சு. தலைக்கு மேல கையை விட்டுத் தடவினா, முடிச்சு கிடைச்சுது. இளஞ்சூடா, மெதுவா துடிச்சுக்கிட்டிருந்துச்சு. அவ போட்டது, அவ பல்லால கடிச்சது. அதை விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, போலாம்னா.

எல்லாரும் எழுந்து சட்டையைத் தட்டிக்கிட்டாங்க. அந்தச் சட்டைல எத்தனை சட்டை அவ பிடிச்சது, இறக்கினது, விட்டது. அத்தனை மூஞ்சியும் ஒண்ணா அவ பக்கம் திரும்புச்சு. அத்தனை வாயும் ஒரே குரல்ல, அவர் குரல்ல, ரொம்ப மெதுவா கேட்டுச்சு, "வந்துட்டியா? என்னம்மா வேணும், காப்பியா டீயா?"

அவ வாயைத் தொறந்தா. எப்பவும் இது வேணும், இது வேணாம்னு பட்டுன்னு சொல்ற வாய் அது. உள்ள தேடிப் பாத்தா, ஒருத்தருக்கு இது பிடிக்குது, ஒருத்தருக்கு அது பிடிக்குது, எதுன்னு எடுக்க.

"எதுனாலும் சரி"ன்னா.

பஸ் கிளம்புச்சு. பசைக்காரரை அன்னைக்கு சாயங்காலம்தான் எடுத்தாங்க, பஸ் திரும்பி வந்து, எல்லாரும் இறங்கினப்புறம். தூக்கினவங்க அத்தனை பேரும் அழுதாங்க, எல்லாருக்கும் முதல்ல இடது கண்ணுல, தையல்காரிக்கு அழுகை வந்தா அப்படித்தான் வரும். குழந்தைங்க அந்த வாரமே ஊர் திரும்பிடுச்சுங்க.

அந்தப் பஸ் இப்பவும் காலைல வருது, ஒருநாளும் லேட்டானதில்ல. மழைல ஒரு சொட்டு உள்ள ஒழுகறதில்ல. தையல்காரி வீட்டு முன் ரூம் மெஷின் மேல துணி போட்டு மூடியிருக்கு, அவளுக்கு நேரம் இல்ல. ஆனா துணி பிடிக்கறதுக்கு ஆள் இல்லாம போகல. இப்ப டிரைவருக்குத் தைக்கத் தெரியும், கணக்கு எழுதறவருக்குத் தெரியும், லோடு ஏத்தறவர் ஊசியில நூல் கோக்கறதைப் பாத்தா ஆச்சரியமா இருக்கும், எல்லாரும் நூலைப் பல்லாலதான் கடிப்பாங்க. கம்பெனில ஆள் எடுத்துக்கிட்டேதான் இருக்காங்க. புதுசா வேலைக்குப் போறவங்க ஒரு சட்டையும் எடுத்துட்டுப் போக வேண்டாம், அங்க சீட்டுக்குன்னு ஒண்ணு தொங்கும், அளவு மட்டும் குடுத்தா போதும்.